கடலுக்குள் போன தொகுதி

எங்கள் வீட்டில் ஒன்றரை வருடம் நான் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தேன். எனக்கு ஒருவரும் வாக்குப் போடவில்லை, நானும் கேட்டுப் போகவில்லை. தகப்பனும் மகளும் நேரே கதைப்பதை நிறுத்திவிட்டால் நடுவில் நிற்கிற தாய்க்கு அந்தப் பதவி தானாக வந்து சேரும். எங்கள் ஆட்களின் வீடுகளில் இது புதினமில்லை. ஒரே மேசையில் இருந்துகொண்டு, "அவனுக்குச் சோறு போதுமோ எண்டு கேள்" என்று மூன்றாம் ஆளிடம் சொல்லி அனுப்புகிற ஆம்பிளைகளுக்கு எங்களிடம் குறைவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அது எதற்காக நடந்தது என்று சொன்னால், நாங்கள் இருக்கிற ஜேர்மன் நகரமான டோர்ட்மண்டில் ஒருவரும் நம்புவதில்லை. காணிப் பிரச்சினை இல்லை, சீதனம் இல்லை, காதல் கலியாணம்கூட இல்லை. இங்கிலாந்தில் சஃபோக் என்ற மாவட்டத்தில் இருந்து நாடாளுமன்றத்துக்கு ஆளை அனுப்புகிற அந்த ஒற்றை வாக்குத்தான் பிரச்சினை.

இவர் நகர பஸ் ஓடுகிறவர். என் கணவரை நான் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, இந்த வயதில் எழுத்தில் அதைத் தொடங்கும் எண்ணமும் இல்லை. நான் வயோதிபர் இல்லத்தில் வேலை. எங்களுக்கு மகள் ஒருத்திதான். ஆஹென் நகரத்தில் நீர்ப் பொறியியல் படித்தாள். இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்த கடைசிக் காலத்தில் வேலை கிடைத்து சஃபோக் கடற்கரைக்குப் போனாள். அங்கே கரை முழுக்க மண்மேடு. ஒவ்வொரு மாரியும் கடல் வந்து அதைக் கடித்துக்கொண்டு போகும். சில இடங்களில் வீடுகளும் சேர்ந்து போகும். கடல் எவ்வளவு தின்றது என்று அளப்பதுதான் என் மகளின் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு கடலுக்குக் கணக்குப் பார்க்கிறாள் என்று இவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிவார்.

அங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பள்ளிக்கூட வாத்தியைக் கலியாணம் செய்தாள். இவர் ஒரு சொல் சொல்லவில்லை. வேட்டி கட்டத் தெரியாத மாப்பிள்ளைக்குத் தானே இடுப்பில் பெல்ட் போட்டுக் கட்டிவிட்டு, "இனி ஓடினாலும் அவிழாது" என்று சிரித்தவர். அதற்குக் கோபிக்காத மனிதர் ஒரு பாஸ்போட்டுக்குக் கோபித்தார்.

அந்தக் கோபத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் இவர் வந்த கதை தெரியவேண்டும். இவர் ஜேர்மனியில் இறங்கிய காலத்தில் கையில் இருந்தது டுல்டுங். 'இப்போதைக்கு உன்னைத் திருப்பி அனுப்பவில்லை' என்று சொல்கிற ஒரு மடித்த கடதாசி அது. சில மாதங்களுக்கு ஒருதடவை வரிசையில் நின்று அதை நீட்டவேண்டும். பதிந்த இடத்தை விட்டு வெளியே போகவும் கூடாது. சொந்தத் தம்பியின் கலியாணத்துக்கு ரயில் ஏறிப் போய், வழியில் பொலிசிடம் பிடிபட்டு, தாலி கட்டுகிற நேரம் ஒரு பொலிஸ் நிலையத்து வாங்கில் இருந்தவர். பிறகு வருடக்கணக்காக அன்ட்ராக் என்ற விண்ணப்பம் எழுதி, டெர்மின் என்ற தவணை எடுத்து, சோதனை எழுதி, கடைசியில் எங்கள் மூவருக்கும் குடியுரிமை கிடைத்தது. பழைய இலங்கைப் பாஸ்போட்டுகளை விட்டுக்கொடுத்தோம். அன்றைக்கு இவர் நகரசபையிலிருந்து வந்து, மூன்று சிவப்புப் புத்தகங்களையும் பிள்ளையாருக்கு முன்னால் தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டினார். மகள் அப்போது முன்பல் விழுந்த வயது. தன் பாஸ்போட்டில் விபூதி பட்டுவிட்டது என்று அழுதாள்.

அந்தப் புத்தகத்தைத்தான் அவள் பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னாள். எங்கள் வீட்டில் ஞாயிறு மத்தியானம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் கதைப்போம். நான் குழம்புக்குத் தாளித்துக்கொண்டு நின்றேன். "அப்பா, நான் இப்ப பிரிட்டிஷ். போன கிழமை மாவட்ட மண்டபத்திலை சத்தியம் செய்விச்சுக் குடியுரிமை தந்தவை. ராசாவின்ரை படத்துக்குப் பக்கத்திலை நிண்டு படமும் எடுத்தனான்." அந்தக் காலத்து ஜேர்மன் சட்டப்படி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இந்த நாட்டுக் குடியுரிமை தன்பாட்டில் போய்விடும். இது இவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"எதுக்கு?" என்று இவர் கேட்டார். ஒரு சொல்தான்.

"வோட்டுக்கு அப்பா. ஊராட்சி வோட் எனக்கு ஏற்கெனவே இருக்கு, பாராளுமன்ற வோட் இல்லை. இஞ்சை கூட்டம் நடக்கும், எம்.பி. வருவார். ஒவ்வொருத்தரும் எழும்பி, நான் உங்கடை தொகுதி வோட்டர், என்ரை வீடு கடலுக்கை போகப்போகுது, என்ன செய்யப் போறியள் எண்டு கேக்குதுகள். நான் மட்டும், நான் அளக்க வந்தனான் எண்டு சொல்லிப்போட்டு இருக்கவேணும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். என் பிள்ளைக்கும் தகப்பனின் வாய்தான். சிரித்துக்கொண்டே ஒன்று சேர்த்தாள். "பொதுநலவாய நாட்டுக்காரருக்கு இஞ்சை வோட் இருக்கு, தெரியுமே? நீங்கள் அந்தச் சிலோன் பாஸ்போட்டை விடாமல் இருந்திருந்தால் எனக்கு முதலே கிடைச்சிருக்கும்."

அவள் பகிடிக்குச் சொன்னாள். இவர் என் பக்கம் திரும்பினார். "அவளிட்டைச் சொல்லும், நான் இனிக் கதைக்கேல்லை எண்டு." அவளுக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனாலும் நான் சொன்னேன். "அப்பா இனிக் கதைக்கேல்லையாம்." அப்படித்தான் நான் பதவி ஏற்றேன்.

எனக்கு இரண்டு பேரிலும் ஆத்திரம் வந்தது. கடுகு கருகிப் போனதும் அந்த ஆத்திரத்தில் சேர்த்தி.

இவர் இளமையில் சட்டம் படிக்க ஆசைப்பட்டவர். நாடு விடவில்லை. அந்த ஆசை வேறு வழியில் வெளிக்கிடும், எதற்கெடுத்தாலும் வாதாடுவார். நான் இவரை அப்புக்காத்து என்றுதான் பகிடி பண்ணுவேன். எங்கள் பக்கத்தில் வக்கீலுக்கு அதுதான் பழைய பெயர். அந்த அப்புக்காத்து இப்போது ஒரு வழக்கை எடுத்தார். மகள் எந்த வாக்குக்காகப் பாஸ்போட்டைத் தூக்கிக் கொடுத்தாளோ, அந்த வாக்கு ஒரு சதத்துக்கும் பெறுமதியில்லை என்று நிரூபிக்கவேண்டும். அதற்காக சஃபோக் மாவட்டத்திலிருந்து ஆதிகாலம் தொட்டு நாடாளுமன்றத்துக்குப் போனவர்களின் கதையைத் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினார். பஸ் கடைசித் தரிப்பிடத்தில் நிற்கிற பத்து நிமிட இடைவேளையிலும் கைபேசியில் அதுதான். தெரியாத இங்கிலிஷ் சொல்லை ஜேர்மனுக்கு மாற்றி, அதைத் தமிழில் யோசித்து வாசிப்பார்.

முதலில் கண்டுபிடித்தது அந்தக் கடல் கொண்ட ஊரை. டன்விச் என்று பெயர். ஒரு காலத்தில் பெரிய துறைமுகப் பட்டினம், கோயில்கள், சந்தைகள் எல்லாம் இருந்ததாம். புயல் அடித்து அடித்துக் கடல் தெருத்தெருவாகத் தின்றுவிட்டது. எங்கள் காவிரிப்பூம்பட்டினம் மாதிரி. ஆனால் காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கிடைக்காத ஒன்று அந்த ஊருக்குக் கிடைத்தது. ஊர் போன பிறகும் நூற்றுக்கணக்கான வருடம் அது நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. மிஞ்சிய சில குடும்பங்கள் வாக்குப் போடும், நிலத்துக்குச் சொந்தக்காரப் பிரபு சொல்கிற ஆள் வெல்வார். அதே நேரம் ஆலைகளும் புகையுமாகச் சனம் நெரிந்த புது நகரங்களுக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லை.

அந்த ஞாயிறு இவர் ஸ்பீக்கருக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "அவளிட்டைச் சொல்லும். ஒரு குருவிகூட ஏறாத தரிப்பிடத்துக்கு ரெண்டு பஸ் விட்ட நாடு அது. பாடசாலை வாசலிலை நிக்கிற சனத்துக்கு ஒரு பஸ்ஸும் இல்லை. அந்தக் கொம்பனியிலை ரிக்கற் எடுக்கத்தான் இவள் என்ரை பாஸ்போட்டைக் குடுத்தவள்."

நான் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அப்பாட்டைச் சொல்லுங்கோ, அந்த ஊரிலை இப்பவும் எனக்கு வேலை இருக்கு. மிஞ்சியிருக்கிற மேட்டை ஒவ்வொரு மாதமும் நான்தான் அளக்கிறனான். கடலுக்குக் கீழை கோயில் மணி கேக்கும் எண்டு இஞ்சை ஆக்கள் சொல்லுவினம். அது பொய் எண்டும் சொல்லுங்கோ. நான் நிண்டு கேட்டுப் பாத்தனான், ஒண்டும் கேக்கேல்லை."

பிறகு அவள் ஒன்று சொன்னாள், அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதைச் சொல்லித்தான் தொலைபேசியை வைத்தாள். "அப்பாட்டைச் சொல்லுங்கோ, ஜக்கெட்டைக் கழுத்து வரைக்கும் பூட்டச் சொல்லி." இவர் பஸ்ஸின் சூட்டில் இருந்துவிட்டு ஜக்கெட்டைத் திறந்தபடியே குளிரில் இறங்கி நிற்பார். எத்தனை தடவை சளி பிடித்தாலும் திருந்தமாட்டார். நான் சொல்வேன், "ஜக்கெட்டைப் பூட்டட்டாம்." இவர் கேளாத மாதிரி யன்னலைப் பார்ப்பார்.

இப்படித்தான் ஞாயிறுகள் போயின. வழக்கு வளர்ந்தது. முற்காலத்தில் மாவட்டம் முழுவதற்கும் இரண்டு பிரபுக்கள்தான் போவார்களாம், குறிப்பிட்ட வருமானம் வருகிற காணி வைத்திருப்பவனுக்குத்தான் வாக்காம். "அப்ப எங்கடை ஊர் ஆக்கள் முழுப்பேரும் அங்கை எம்.பி. ஆகியிருப்பினம்" என்றார் இவர். வாக்கை எல்லோருக்கும் முன்னால் வாயால் சொல்லவேண்டுமாம், நிலக்காரன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பானாம். வாக்குப் போட வருகிறவர்களுக்கு வேட்பாளர் விருந்து வைத்துச் சாராயம் ஊற்றவேண்டுமாம். சட்பரி என்றொரு பட்டினம் காசு வாங்கிக்கொண்டு வாக்குப் போட்டதற்காக, அந்த ஊரின் உறுப்பினர்களையே நாடாளுமன்றம் பறித்துவிட்டதாம். சட்பரி கிடைத்த கிழமை இவருக்கு நிலத்தில் கால் படவில்லை. அவளும் சும்மா விடமாட்டாள். "பெண்ணுக்கு வோட் இல்லாத காலத்துக் கதையெல்லாம் எடுத்துக்கொண்டு வாறார். அப்பாட்டைச் சொல்லுங்கோ, அதுக்குத்தான் கிடைச்ச உடனை நான் ஓடிப்போய் எடுத்தனான் எண்டு."

ஒருதடவை அவள் தொகுதி எல்லைகளைப் பற்றிச் சொன்னாள். எல்லைகளை மாற்றுகிறார்களாம், சஃபோக்கில் கொஞ்சத்தையும் பக்கத்து மாவட்டத்தில் கொஞ்சத்தையும் சேர்த்து ஒரு புதுத் தொகுதி வரப்போகிறதாம். வேலிச் சண்டையில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு அது கற்கண்டு. எந்த ஊர் எந்தப் பக்கம், ஏன், யார் கேட்டது என்று விசாரணை. நான் இங்கேயும் அங்கேயுமாகச் சொல்லிச் சொல்லிக் களைத்து, "எனக்கு ஒரு வாய்தான் இருக்கு, நேரே கதைச்சுத் தொலையுங்கோவன்" என்று கத்தினேன். பிறகு மகள் மெல்லச் சொன்னாள், "அம்மாதான் எங்கடை எம்.பி. ராஜினாமா செய்ய ஏலாது."

இதையெல்லாம் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அந்தச் சிரிப்பின் பின்னாலேயே நெஞ்சு வலிக்கிறது. அந்த ஒன்றரை வருடம்தான் இவர்கள் இரண்டு பேரும் அதிகம் கதைத்த காலம். அதற்கு முந்திய ஞாயிறுகளில் "சாப்பிட்டியோ, மழையோ" என்பதற்கு மேல் தகப்பனுக்கு மகளிடம் கேட்க ஒன்றும் இருந்ததில்லை. கோபம் வந்த பிறகுதான் கதை வந்தது. ஆனால் ஒரு சொல்லும் நேரே போகவில்லை, எல்லாம் என் வாய்க்குள்ளால் போனது.

போன மாரிக்கு முந்திய மாரியில் இவரிடம் ஒரு மாற்றம் கண்டேன். வழக்கில் சூடு குறைந்தது. "இந்தக் கிழமை கடல் எவ்வளவு திண்டதாம் எண்டு கேளும்" என்று தொடங்கினார். புயல் அடித்தால் செய்தியில் டோர்ட்மண்ட் வானிலையைப் பார்க்காமல் அந்தக் கரையின் வானிலையைப் பார்த்தார். மேட்டு விளிம்பில் நிற்கவேண்டாம் என்று சொல்லச் சொன்னார். பங்குனி பிறந்த பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஆடி மாதம் லீவு கேட்டிருக்கிறன். அங்கை போவம்" என்றார். டன்விச்சுக்கு நாடாளுமன்றத்தில் இருந்த இரண்டு இடமும் எப்படிப் போனது என்ற கதையை வாசித்து முடித்துவிட்டாராம்.

"அப்ப ஞாயிறு அவளிட்டைச் சொல்லுறன்" என்றேன்.

"வேண்டாம். அதை நீர் சொல்லவேண்டாம். நான் நேரே சொல்லுறன்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சந்தோஷத்தை முகத்தில் காட்டினால் இந்த மனிதர் பின்வாங்கிவிடுவார் என்று பயம். அந்த ஞாயிறு மகளிடம், "அப்பா ஆடியிலை வாறாராம், உனக்கு ஏதோ சொல்லவேணுமாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "டன்விச்சிலை மீன் பொரிச்சுக் குடுக்கிற கடை ஒண்டு இருக்கு. அங்கை கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

வைகாசி கழிந்து ஒரு காலை. இல்லத்தில் நான் ஒரு கிழவிக்குக் கஞ்சி தீத்திக்கொண்டிருந்தேன். மருமகனின் அழைப்பு வந்தது. அவன் அந்த நேரத்தில் எடுக்கிறவன் இல்லை. மகள் வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போடக் குனிந்தவள் அப்படியே விழுந்துவிட்டாளாம். மூளைக்குள் இரத்தக்குழாய் வெடித்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முதலே எல்லாம் முடிந்துவிட்டது. அவன் இங்கிலிஷில் சொன்னதை நான் மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன். கடலையும் மேட்டையும் பார்த்துப் பயந்திருந்தோம். வீட்டு வாசலில் நின்று சப்பாத்துப் போடுவதற்கு யார் பயப்படுவார்கள்?

இவர் அப்போது பஸ்ஸில். கட்டுப்பாட்டு அறையிலிருந்து வீட்டுக்குப் போகச் சொல்லி மட்டும் சொன்னார்களாம். பஸ்ஸைக் கடைசித் தரிப்பிடம் வரை கொண்டுபோய், எல்லோரையும் இறக்கிவிட்டுத்தான் வந்தார். கதவைத் திறந்த என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

"என்ன சொன்னவள்?" என்று கேட்டார்.

"ஒண்டும் சொல்லேல்லை."

"எனக்கு ஏதும் சொல்லிவிடேல்லையோ?"

"இல்லையப்பா. அவளுக்கு நேரமே இருக்கேல்லை."

அந்தக் கேள்வியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இவரை இல்லை, அந்தக் கேள்வி வரக் காரணமான எல்லாவற்றையும். அந்தப் பாஸ்போட்டை, அதை இவ்வளவு பெரிதாக்கிய வரிசைகளை, அரசாங்கக் கந்தோர்களை, எல்லாவற்றையும்.

சஃபோக்குக்குப் போய் எரித்தோம். அந்தியேட்டி முடியும் வரை அங்கேயே நின்றோம். முப்பத்தோராம் நாள் கிரியை செய்து சாம்பலைக் கடலில் கரைப்பது எங்கள் முறை. அந்த ஒரு மாதத்துக்குள் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஜேர்மனியில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இனி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தாலும் ஜேர்மன் குடியுரிமை போகாது, இரண்டையும் வைத்திருக்கலாம். டோர்ட்மண்டில் இருந்து யாரோ தெரிந்தவர் இவருக்கு அந்தச் செய்தியை அனுப்பியிருந்தார், நல்ல மனதோடுதான். இவர் அதை எனக்குக் காட்டிவிட்டுக் கைபேசியைக் குப்புற வைத்தார். ஒன்றரை வருடம் பொறுத்திருந்தால் சண்டையே இல்லை. நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, வாயில் துவாயை அடைத்துக்கொண்டு கத்தினேன். சட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு மாதம் முந்தினால் என்ன, பிந்தினால் என்ன.

மற்றது, இங்கிலாந்தில் திடீரென்று தேர்தல் வந்தது. அவள் சத்தியம் செய்து வாங்கிய வாக்கைப் போடுவதற்கு வந்த முதல் தேர்தல். வாக்காளர் அட்டை இரண்டு வந்தது, மருமகனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவன் அவளுடையதைக் கிழிக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். இவர் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, எங்கள் நீளமான பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களோ என்று எழுத்து எழுத்தாகப் பார்த்தார். சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

அந்தியேட்டிக்கு முதல் நாள் வாக்களிப்பு. மருமகன் போகமாட்டேன் என்று இருந்தான். இவர்தான் அவனுடைய ஜக்கெட்டை எடுத்து நீட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில், "போக வேணும், அவள் போயிருப்பாள்" என்றார். நாங்களும் கூடப் போனோம். ஊர் மண்டபம் ஒன்று. வாசலில் இரண்டு நாய்களைக் கட்டிவிட்டு ஆட்கள் உள்ளே போனார்கள். கிழவர் ஒருவர், கைப்பிள்ளையோடு ஒரு தாய், வேலைச் சப்பாத்தோடு ஒரு இளம் பெண். அந்தப் பெண் என் மகளின் உயரம். ஒரு சத்தமும் இல்லை, விருந்தும் இல்லை, சாராயமும் இல்லை. இவர் படிக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

"வாசல் வரைக்கும் வந்து நிக்கலாமாம்" என்றேன்.

"எனக்கு அங்கை உரிமை இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோயிலில் சட்டை போட்ட ஆம்பிளை வெளிவீதியில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு, உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டு நின்றார். மருமகன் வெளியே வந்ததும் அவனைத் தோளோடு அணைத்தார். அவன் அழுதான். நாய்கள் இரண்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அடுத்த நாள் லண்டனில் இருந்து ஐயர் வந்து வீட்டுக் கிரியையை முடித்துத் தந்தார். கடலுக்கு எங்கே போவது என்று மருமகன் கேட்டபோது இவர் யோசிக்கவே இல்லை. டன்விச் என்றார்.

கூழாங்கல் கரை. கடல் சேறு கலந்த மண்ணிறம். மீன் பொரிக்கிற கடை இருந்தது, அவள் சொன்ன கடையாகத்தான் இருக்கவேண்டும். நாங்கள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பின்னால் அவள் அளந்த மேடு. முன்னால் ஒன்றுமே இல்லாத தண்ணீர். அதற்குள்ளேதான் தெருக்களும் சந்தையும் கோயில்களும், இரண்டு உறுப்பினர்களை அனுப்பிய ஊரும்.

இவர் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு இறங்கினார். கோடை என்றாலும் தண்ணீர் பனிக்கட்டிக் குளிர், மேலே காற்று வேறு. மருமகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூன்று பேருமாகச் சாம்பலை விட்டோம். பூவை விட்டோம். அலை ஒருதடவை எல்லாவற்றையும் கரைக்குத் தள்ளி, பிறகு எடுத்துக்கொண்டு போனது. மருமகன் தாங்கமுடியாமல் கரையேறிப் போய்விட்டான். இவர் அசையவில்லை. ஜக்கெட் திறந்தபடி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளை" என்றார்.

நான் திடுக்கிட்டுப் போனேன். ஒன்றரை வருடமாக அந்தச் சொல்லை நான் கேட்கவில்லை.

"பிள்ளை, அப்பா கதைக்கிறன்." தொலைபேசியில் சொல்கிற மாதிரியே சொன்னார், கொஞ்சம் உரத்து. "உனக்கொரு கதை வைச்சிருந்தனான். இந்த ஊருக்கு இருந்த ரெண்டு இடத்தையும் கடைசியிலை எடுத்துப்போட்டாங்கள். ஏன் எடுத்தவங்கள் தெரியுமே? வோட் இல்லாத சனம் தெருவிலை இறங்கிக் கத்தினது. காணி பூமி இல்லாததுகள், ஆலையிலை வேலை செய்ததுகள். கத்தினதுகளுக்கு அந்த முறை கிடைக்கவும் இல்லை. பிறகு கனகாலம் போய், அதுகளின்ரை பிள்ளையளுக்குத்தான் கிடைச்சது. நான் அந்த வோட் ஒண்டுக்கும் உதவாது எண்டு காட்டத்தான் வாசிக்கத் தொடங்கினனான். வாசிச்சு முடிய…" நிறுத்திவிட்டுத் திரும்பவும் தொடங்கினார். "நீ பாஸ்போட்டைக் குடுத்தது சரி பிள்ளை. வழக்கிலை நான் தோத்திட்டன். அதைத்தான் நேரே சொல்லவேணும் எண்டு இருந்தனான்."

அலை வந்தது, போனது. பிறகு இவர் கழுத்தைத் திருப்பி, புருவத்தை உயர்த்தி, என்னைப் பார்த்தார். ஒவ்வொரு ஞாயிறும் கதிரையில் இருந்தபடி, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்கப் பார்க்கிற அதே பார்வை. தான் என்ன செய்கிறார் என்று இவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. பழகிப்போன முகம் தன்பாட்டில் திரும்பிவிட்டது.

நான் கடலைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவள் சொன்னது சரிதான், மணியும் இல்லை, ஒன்றுமில்லை. ஆனால் இந்த மனிதர் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார். அவளுக்காகக் கதைக்க என்னை விட்டால் இனி யார் இருக்கிறார்கள்?

"ஓமாம்" என்றேன். "கேட்டவளாம்."

இவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஜக்கெட்டைக் கழுத்து வரைக்கும் பூட்டட்டாம்."

இவர் குனிந்து, சாம்பல் ஒட்டிய நனைந்த கைகளால் ஜக்கெட் சிப்பின் இரண்டு நுனியையும் தேடிப் பிடித்தார். விரல்கள் விறைத்துப்போய் இரண்டு தடவை வழுக்கின. நான் உதவிக்குப் போகவில்லை. மூன்றாம் தடவை கொளுவிக்கொண்டது. கழுத்து வரைக்கும் இழுத்துப் பூட்டினார்.